வாசலுக்கு எந்தக் குடை? காற்றடிக்கும் கொங்கு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

பங்குனி பிறந்துவிட்டால் ஒரே கேள்வி பல பேரிடமிருந்து என்னிடம் வந்து சேர்கிறது. வீட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருகிற இடத்துக்குப் பெரிய குடை ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்பதே அந்தக் கேள்வி. இந்த ஆண்டு கேட்டவர்களில் மூவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்குக் கோவை வடவள்ளியில் மொட்டை மாடி. இன்னொருவருக்கு உடுமலைக்குக் கிழக்கே தோட்டத்துச் சாலை, அதாவது தோட்ட வீடு. களத்தை ஒட்டி, ஆள்காரர்கள் வந்தால் உட்கார நிழல் வேண்டும். மூன்றாமவருக்குப் பெருந்துறையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்வாசல். வயதான பெற்றோரைப் பொழுது சாயும் நேரத்தில் காற்றாட உட்கார வைக்க வேண்டும். மூவருமே கடைக்குப் போய், விலை கேட்டு, நடுவில் கால் இருக்கும் குடையா, பக்கத்தில் கால் இருக்கும் குடையா என்ற இடத்தில் நின்றுவிட்டவர்கள்.

நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில் நின்று, தவறாகத் தேர்ந்தெடுத்தவன். பல்லடம் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒன்பது அடிக் குடை ஒன்றை வாங்கி, அதனுடன் வந்த பிளாஸ்டிக் அடித்தளத்தில் தண்ணீர் நிரப்பி நிறுத்தியிருந்தேன். ஆனி மாதத்தில் ஒரு நாள் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது வெளியே தகரம் விழுந்தாற்போல் ஒரு சத்தம். வந்து பார்த்தால் குடை மதிலைத் தாண்டி அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிகள் மூட்டில் முறிந்திருந்தன. அடித்தளம் விரிசல் விட்டு, தண்ணீர் வாசலெல்லாம் ஓடியிருந்தது. கீழே யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம். கடையில் கேட்டதற்குக் காற்றால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சீட்டிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அது உண்மைதான், அச்சிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து குடையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது வெயிலைப் பற்றி அல்ல.

## முதல் அளவுகோல் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறுங்காற்றாக அந்த வாய் வழியே நம் பக்கம் பாய்கிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி முடியும் வரை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று அந்தப் பாதையில் இருக்கும் ஊர்களில் இது நாள் முழுக்க அடிக்கும். கேத்தனூரிலும் பூளவாடியிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இதனால்தான். காற்றாலைக்கு ஏற்ற இடம் குடைக்கு ஏற்ற இடமாக இருக்க முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. ஒன்பது அடிக் குடையின் பரப்பு 5 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே காற்று அடிப்பக்கம் முழுமையாகப் புகுந்துகொண்டால் 30 கிலோ அளவுக்குத் தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அது 60 ஆவதில்லை, 120 கிலோவுக்கு மேல் போய்விடும். என் குடைக்கு அடியில் இருந்தது 20 லிட்டர் தண்ணீர், அதாவது 20 கிலோ.

எடை மட்டும் போதும் என்று நினைப்பதும் சரியாகாது. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனமுள்ள சிமென்ட் பலகை ஒன்று ஏறத்தாழ 43 கிலோ இருக்கும். அதை அசைப்பதற்கே ஆள் வேண்டும் என்பதால் நமக்கு அது பெரிய பாரமாகத் தெரிகிறது. ஆனால் பலகையின் நடுவிலிருந்து ஓரம் வரை ஓர் அடிதான். காற்று தள்ளுவதோ ஏழடி உயரத்தில். நெம்புகோல் கணக்குப்படி குடையின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் மேலே 7 கிலோ அளவுக்கு ஒரு தள்ளல் போதும், அத்தனையும் சாய்ந்துவிடும். கடையில் இதைச் சோதிப்பது எளிது. குடையை விரித்து நிறுத்தச் சொல்லி, கம்பத்தில் கை எட்டும் உயரத்தில் ஒரு கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அடித்தளத்தின் மறு ஓரம் தரையை விட்டு எழும்பினால், அந்த அடித்தளத்தோடு அந்தக் குடை நம் ஊருக்கு ஆகாது.

ஆடிக் காற்றையாவது மாதம் பார்த்து எதிர்பார்த்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குக் கோடை மழைக்கு முன்னால் புழுதியோடு திடீரென்று அடிக்கிற காற்றுதான் அதிகக் குடைகளை முறிக்கிறது. அதுவரை இலை அசையாமல் இருக்கும்; குடை விரித்தபடி நிற்கும்; மடக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. எனவே எவ்வளவு விரைவாக, ஒற்றை ஆளாக மடக்க முடிகிறது என்பதும் காற்றுக் கணக்கில்தான் சேரும்.

## இரண்டாவது, நாலு மணி வெயில்

கொங்கு நாடு ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். குடையின் நிழல் குடைக்கு நேர் கீழே விழும். கடைக்காரர் காட்டும் படத்தில் இருப்பது அந்த நிழல்தான். ஆனால் அந்த நேரத்தில் நம் வீடுகளில் யாரும் வெளியே வந்து உட்காருவதில்லை.

இங்கே சூரியன் உச்சியில் நிற்பது கடிகாரத்தில் 12 மணி 20 நிமிட அளவில். அதிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, 3.20 மணிக்கு, சூரியன் 45 பாகைக்கு இறங்கியிருக்கும். அப்போது ஒரு பொருளின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அதன் நிழல் கிழக்கே நகர்ந்திருக்கும். ஏழரை அடி உயரக் குடைத்துணியின் நிழல் தரையில் ஏழரை அடி தள்ளி விழும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலை நாலடி உயரத்தில் இருப்பதால் அவருக்கு மூன்றரை அடி தள்ளி விழும். அதாவது நடுக்கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தவருக்குத் தலை மட்டும் நிழலில், மடியும் காலும் வெயிலில். 4.20 மணிக்குத் தலைக்கான நிழலே ஆறடி தள்ளிப் போய்விடும். ஒன்பது அடிக் குடையின் ஆரம் நாலரை அடிதான். பணம் கொடுத்து வாங்கிய நிழல் அந்நேரம் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருக்கும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. நாற்காலிகளின் நடுவே கம்பத்தை நிறுத்தாமல், மேற்கு ஓரத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் வாசலில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

## துணி, கம்பி, அளவு

இவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சாதாரண பாலியெஸ்டர் துணி விலை குறைவு, இரண்டு மூன்று கோடையில் வெளிறிவிடும். நூலாக இழுப்பதற்கு முன்பே சாயம் கலந்த அக்ரிலிக் துணியில் நிறம் இழையின் உள்ளேயே இருப்பதால் வெளுப்பது மிகவும் குறைவு, விலையும் அதற்கேற்ப ஏறும். யு.பி.எஃப். 50 என்று எழுதியிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடுதான் துணியைத் தாண்டும் என்று பொருள். அது தோலுக்கான கணக்கு, வெப்பத்துக்கான கணக்கு அல்ல. கரும் நிறத் துணி புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுத்தாலும் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே உட்கார்ந்திருப்பவர் உச்சந்தலைக்கு அனுப்பும். இதற்கு நல்ல மருந்து உச்சியில் இரண்டடுக்காகத் தைத்த காற்றுத் திறப்பு. சூடு அந்த வழியே மேலேறிப் போகும், காற்றடிக்கும்போது தூக்கு விசையும் கொஞ்சம் குறையும். திறப்பு இல்லாத குடையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கம்பியில் என் கருத்து பொதுவாகச் சொல்லப்படுவதற்குச் சற்று மாறானது. இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியமே வாங்குங்கள் என்பது கடலோரத்து ஊர்களுக்குப் பொருந்தும் அறிவுரை. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, உப்புக்காற்றே இல்லாத நம் பக்கத்தில், பவுடர் கோட்டிங் செய்த கனமான இரும்புக் கம்பம் மெல்லிய அலுமினியக் கம்பத்தைவிட உறுதியாக நிற்கிறது. முறிந்தாலும் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சரிசெய்துகொள்ளலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மட்டும் வாசல் கழுவும் தண்ணீர் கம்பத்தின் அடியில் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். மேலே விரிகிற கம்பிகள் ஃபைபர் கிளாஸாக இருந்தால் காற்றில் வளைந்து கொடுக்கும். எட்டுக் கம்பி இருப்பது ஆறு கம்பி இருப்பதைவிட மேல்.

அளவில் ஓர் ஏமாற்றம் உண்டு. சிலர் கம்பியின் வளைவோடு அளந்து ஒன்பது அடி என்பார்கள். விரித்த குடையின் ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு நேராக டேப் பிடித்தால் எட்டரை அடிகூட வராது. டேப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

## நடுக்கால் குடை

நேர் கம்பம், மேலே விரியும் துணி, சுற்றுக் கைப்பிடி அல்லது கயிறு. உறுப்புகள் குறைவு என்பதால் கெடுவதும் குறைவு. காற்று வருகிறது என்று தெரிந்தால் பத்து எண்ணுவதற்குள் மடக்கிவிடலாம். துணி கிழிந்தால் பழைய துணியைக் கழற்றிக் கொடுத்து, தார்ப்பாய் தைப்பவர்களிடம் அதே அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம். லாரி பாடி கட்டும் தொழில் வேரூன்றிய நாமக்கல், பேருந்து பாடி கட்டும் கரூர்ப் பக்கங்களில் இதற்கு ஆள் கிடைப்பது சிரமமே இல்லை.

இதன் குறை, கம்பம் நடுவில் நிற்பது. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சாயங்கால வெயிலுக்குச் சாய்க்கும் மூட்டு உள்ளதையே வாங்க வேண்டும். ஆனால் அந்த மூட்டுதான் கம்பத்தின் பலவீனமான இடமும். சாய்ப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. பிற்பகலில் வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது, ஆனி ஆடிக் காற்றும் மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே வெயிலை மறைக்க மேற்கே சாய்த்தால் குடை காற்றுக்கு முதுகைக் காட்டும். பக்கவாட்டுத் தள்ளல் கூடினாலும் குடை பிய்த்துக்கொண்டு மேலே போகாது. காலை வெயிலுக்குக் கிழக்கே சாய்த்து, அப்படியே மறந்து விட்டுவிட்டால்தான் வினை. மேற்குக் காற்று நேராக உள்ளே புகுந்து தூக்கும்.

மறைந்திருக்கும் செலவு அடித்தளம். பெரும்பாலும் தனியாக விற்கப்படுகிறது. அறிவித்த விலையில் அது சேராது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். வெயிலில் ஆவியாகிக் குறையும், தொட்டியும் வெடிக்கும். மணல் நிரப்பினால் அதே தொட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் எடை நிற்கும். ஆனால் மண் தரையோ உடைக்கக்கூடிய சிமென்ட் வாசலோ இருந்தால் அடித்தளமே வாங்காமல் குழி எடுத்துவிடுவதுதான் சிறந்தது. ஒன்றரை அடி சதுரம், இரண்டடி ஆழம் தோண்டி, அடியில் ஒரு சட்டி ஜல்லி போட்டு, அதன்மேல் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துண்டை நேராக நிறுத்திக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். குடைக் கம்பம் 38 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை அங்குலப் பைப், 48 மில்லிமீட்டர் என்றால் இரண்டு அங்குலப் பைப் சரியாகப் பொருந்தும். பைப்பின் அடி வாய் ஜல்லியில் திறந்திருந்தால் உள்ளே விழும் மழைத்தண்ணீர் வடிந்துவிடும். இந்தக் கான்கிரீட்டின் எடை மட்டுமே 300 கிலோ வரும், அதுவும் மண்ணுக்குள் பிடித்திருக்கும் எடை. பைப்பையும் கம்பத்தையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட் போட்டுவிட்டால் கம்பம் உருவிக்கொண்டு வராது.

நான் எங்கள் வாசலில் இப்படி இரண்டு குழிகள் எடுத்தேன். ஒன்று உட்காரும் இடத்தின் நடுவில், மற்றொன்று அதற்கு ஆறடி மேற்கே. காலையில் நடுக்குழி, மூன்று மணிக்கு மேல் குடையை உருவி மேற்குக் குழியில் செருகிவிடுவோம். உபயோகிக்காத பைப்பின் வாயைப் பி.வி.சி. மூடியால் அடைத்துவிடுவதால் வாசல் கூட்டுவதற்கும் கோலம் போடுவதற்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டாவது குழிக்கு ஆன செலவு அரை மூட்டை சிமென்டும் ஒரு முழம் பைப்பும்தான். விலை கூடிய சாய்க்கும் குடைகள் தருவதைவிட இந்த ஏற்பாடு அதிக நிழலைத் தந்திருக்கிறது.

## பக்கக்கால் குடை

கடைகளில் கேன்டிலீவர் என்பார்கள். கம்பம் ஓரத்தில் நிற்கும். மேலே கை நீட்டிக் குடை தொங்கும். கீழே மேசை, கட்டில், ஊஞ்சல் எதை வேண்டுமானாலும் தடையின்றிப் போடலாம். நல்லவற்றில் குடையைக் கம்பத்தைச் சுற்றித் திருப்பவும் சாய்க்கவும் முடியும் என்பதால் நாலு மணி வெயிலுக்கு இதைவிட வசதியானது இல்லை. பார்வைக்கும் இதுதான் அழகு; கேட்டவர்களில் பாதிப்பேர் மனத்தில் ஏற்கெனவே இதை முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஆனால் குடையின் எடை கம்பத்திலிருந்து ஐந்தடி தள்ளித் தொங்குகிறது. காற்றே இல்லாதபோதும் அடித்தளம் ஓயாமல் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று வந்தால் அந்த ஐந்தடியும் நெம்புகோலாகி மூட்டை முறுக்கும். இதற்கான சிலுவை வடிவ அடித்தளத்தில் 50 சென்டிமீட்டர் சதுரப் பலகைகள் நாலு வைக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் கனத்தில் அவை 120 கிலோ. அந்தப் பலகைகள் குடையோடு வருவதில்லை. மேலும் அது மூன்றேகால் அடிச் சதுரத்தைத் தரையில் பிடித்துக்கொள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அடி வாசலில் அது சின்ன இடமல்ல. வயதானவர்கள் கால் தடுக்கும் இடமும்கூட.

விலை, ஒரே அளவு நடுக்கால் குடையைப் போல் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல். திருகுப் பெட்டி, கம்பி வடம், திருப்பும் மிதி என்று உறுப்புகள் பல. மூன்றாம் ஆண்டில் ஒன்று தேய்ந்தால் அதே மாதிரி உதிரி கிடைப்பது அரிது. ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்து லேத் பட்டறைகளில் தேய்ந்த பல்லை மாதிரி வைத்துக் கடைந்து தருவார்கள் என்பது கோவைக்காரர்களுக்கு உள்ள கொடுப்பினை. அந்த வசதி இல்லாத ஊரில் ஒரு சிறிய பல்சக்கரத்துக்காக முழுக் குடையும் மூலையில் சாய்த்து வைக்கப்படும்.

இதற்கு ஏற்ற இடங்களும் இருக்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் மாடி உயரச் சுவர் மறைத்த உள்முற்றம், பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் நடுவாசல், மூன்று பக்கமும் அறைகள் சூழ்ந்த சிறு தோட்டம். அங்கெல்லாம் காற்று நேராக வராது. அங்கே இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

## சந்தைக் குடை

பொள்ளாச்சிச் சந்தையிலும் சாலையோர இளநீர்க் கடைகளிலும் பார்க்கிற, பட்டை பட்டையாக வண்ணம் போட்ட பெரிய குடை. இதைச் சிலர் கீழாக நினைப்பது எனக்கு வருத்தம். விலை மிகக் குறைவு. ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். வெயில் நகர நகரக் குடையையும் நகர்த்தலாம். கூர் நுனிக் கம்பத்தை மண்ணில் சாய்வாக ஊன்றினால் எந்த மூட்டும் இல்லாமலேயே சாய்ந்த நிழல் கிடைக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் வெளியே உட்காருபவர், வாடகை வீட்டில் இருப்பவர், முதல் கோடையில் எந்த இடத்துக்கு நிழல் வேண்டும் என்று பார்த்துக்கொள்ள நினைப்பவர் இதையே வாங்கலாம். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். காற்று மாதங்களில் வெளியே எடுக்கவே கூடாது. மெல்லிய துணியாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், எனவே வாங்கும்போது துணியைக் கதிருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

## நிழல்வலை

குடை கேட்டு வந்தவரிடம் வலையைப் பற்றிப் பேசுவது முறையா என்று தோன்றலாம். தினமும், நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிழல் வேண்டும் என்பவருக்குக் குடை ஏற்ற பொருளே அல்ல என்பதால் பேசியாக வேண்டும். நாற்றங்காலுக்குக் கட்டுகிற அதே பச்சை வலைதான். 50, 75, 90 விழுக்காடு என்று நிழலின் அளவைச் சொல்லி விற்கிறார்கள். மனிதர் உட்காருவதற்கு 75 போதும். 90 வாங்கினால் காற்றோட்டம் குறைந்து புழுங்கும்.

வலையின் கண்கள் வழியே காற்றில் ஒரு பங்கு ஊடுருவிப் போய்விடுவதால் அதே பரப்புள்ள துணியைவிடத் தூக்கல் குறைவு. மேற்குப் பக்கத்தில் வலையை மூன்றடிக்குக் கீழே இறக்கிக் கட்டினால் நாலு மணி வெயில் பிரச்சினையே தீர்ந்துவிடும். நாலு இரும்புக் கம்பம், சுற்றிலும் கம்பி வடம், ஓரத்தில் பட்டி மடித்துத் தைத்த வலை, இவ்வளவுதான். ஓரம் தைக்காமல் நேராகக் கம்பியில் கட்டினால் கட்டிய இடமெல்லாம் ஒரே காற்றுப் பருவத்தில் பிரிந்துவிடும். தையலுக்கான கூலிதான் இதன் மறைசெலவு.

மழைக்கு இது உதவாது. கம்பங்களை எடுக்கவும் முடியாது; கல்யாணம், காதுகுத்து என்று வாசல் முழுக்கத் தேவைப்படும் நாளில் நடுவே நிற்கும். தென்னங்கீற்றுப் பந்தல் இதைவிடக் குளிர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை கீற்று மாற்றவும், நெருப்புக்குப் பயந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிற வீடுகளுக்கே அது சரிவரும்.

| பார்க்க வேண்டியது | நடுக்கால் குடை | பக்கக்கால் குடை | சந்தைக் குடை | நிழல்வலை |
|---|---|---|---|---|
| ஆனி, ஆடிக் காற்று | குழி எடுத்தால் மிதமான காற்றைத் தாங்கும் | மறைவான இடத்தில் மட்டும் | விரிக்கக் கூடாது | தைத்த ஓரம் இருந்தால் தாங்கும் |
| நாலு மணி வெயில் | சாய்த்தாலோ இடம் மாற்றினாலோ நன்று | மிக நன்று | மண்ணில் சாய்த்து ஊன்றினால் நன்று | மேற்கே இறக்கிக் கட்டினால் மிக நன்று |
| மடக்கும் வேகம் | சில நொடிகள் | ஒரு நிமிடம் வரை | சில நொடிகள் | மடக்க முடியாது |
| சிறு தூறல் | தாங்கும் | தாங்கும் | துணியைப் பொறுத்தது | ஒழுகும் |
| தரையில் பிடிக்கும் இடம் | குழி என்றால் ஒன்றுமில்லை | மூன்றேகால் அடிச் சதுரம் | ஒன்றுமில்லை | நாலு கம்பங்கள் |
| மறைந்திருக்கும் செலவு | அடித்தளம் அல்லது குழி | பலகைகள், உதிரி உறுப்புகள் | அடிக்கடி புதிது வாங்குவது | கம்பம், தையல் கூலி |

## கேட்ட மூவருக்கும்

வடவள்ளி மாடிக்காரர் பக்கக்கால் குடையின் மீது ஆசையாக இருந்தார். மாடியில் காற்று தரையைவிட வலுவாக இருக்கும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் குடை உயரத்துக்கு எந்த மறைவும் தராது. குடையை மாடித் தரையில் போல்ட் அடித்து நிறுத்திவிடலாம் என்று ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தட்டோடும் அதன் அடியிலிருக்கும் சுண்ணாம்புக் கலவையும்தான் மழைத்தண்ணீரைத் தடுத்து நிற்கின்றன. அதில் நாலு துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் கீழறைக் கூரையில் ஈரம் தெரியும், அதைச் சரிசெய்யும் செலவில் இரண்டு குடை வாங்கலாம். கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போடுவதும் ஆகாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் அந்த முறுக்கலைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. அவருக்கு நான் சொன்னது, படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி, அந்தச் சுவரே மேற்குக் காற்றை மறைக்கும் இடத்தில், ஏழடி நடுக்கால் குடை ஒன்று. கனமான கல் மேசையின் நடுத்துளை வழியே கம்பம் இறங்க வேண்டும். மேசையின் நாலு கால்களும் அகன்று நிற்பதால் சாயும் ஓரம் ஓர் அடியிலிருந்து இரண்டடிக்குப் போய்விடும். அதே எடை இரண்டு மடங்கு பலம் தரும். அந்தச் சுவரே நாலு மணி வெயிலையும் மறைத்துவிடும் என்பதால் அவருக்குப் பெரிய குடை தேவையே இல்லை.

உடுமலைத் தோட்டத்துக்காரருக்கு நிழல்வலை. காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் நிலம் அது. ஆள்காரர்கள் உட்காருவது நண்பகலிலும்தான், மாலையிலும்தான். அவர் குடையே வேண்டும் என்று ஒரு முறை வாங்கி, காற்றுக்கு முன்னாலேயே மயில் அதன்மேல் உட்கார்ந்து நகத்தால் துணியைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். தோட்டங்களில் மயில் பெருகிவிட்ட நிலையில் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வலைக்குக் கீழே மேற்கு ஓரத்தில் இரண்டு புங்கன் கன்றும் வைக்கச் சொன்னேன். சில ஆண்டுகளில் வலையின் வேலையில் பாதியை அவை எடுத்துக்கொள்ளும்.

பெருந்துறை வாசலுக்கு நடுக்கால் குடையும் இரண்டு குழிகளும். கோடை மழைக் காற்று அங்கும் உண்டு என்பதால், முதியவர்களே மடக்கக்கூடிய மாதிரி வேண்டும். சுற்றுக் கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருப்பதாகவும், கம்பத்துத் துளையில் பூட்டு ஊசியை மாற்றிச் செருகும் வேலை இல்லாததாகவும் பார்த்து, அவருடைய அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய் இரண்டு முறை விரித்து மடக்கச் சொன்னேன். முதல் கடையில் இருந்த குடையை அந்த அம்மாவால் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற முடியவில்லை. இரண்டாவது கடையில் எட்டடிக் குடை ஒன்றை ஒற்றைக் கையால் ஏற்றினார். அதையே வாங்கினார்கள். ஒன்பது அடி வேண்டும் என்று மகனுக்கு மனக்குறை இருந்தது, ஆனால் மடக்க முடியாத ஒன்பது அடியைவிட மடக்க முடிந்த எட்டடி அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு. வாசல் சிமென்ட் தரை நாள் முழுக்க வெயில் குடித்திருக்கும் என்பதால், நிழல் வந்த பிறகும் காலுக்குச் சூடு ஏறும். காலையிலேயே குடையை நடுக்குழியில் விரித்துவிட்டு, மூன்று மணிக்கு மேற்குக் குழிக்கு மாற்றி, உட்காரும் இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனி பிறந்ததும் அந்தக் குடையைக் குழியிலிருந்து உருவி, துணியை நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பழைய வேட்டியில் சுற்றி வைத்துவிட வேண்டும். தரையில் சாய்த்து வைத்தால் எலி மடிப்பைக் கடிக்கும். உத்திரத்துக் கொக்கியில் தொங்கவிட்டால் புரட்டாசி வரை அப்படியே இருக்கும்.